நான் அடைத்த குழாய்

என் மனைவியின் புடவைகளில் ஓட்டை விழ ஆரம்பித்தது ஒரு கோடையில். எல்லாம் பருத்திப் புடவைகள். ஓட்டை பெரிதாக இருக்காது. கடுகு அளவு, மிஞ்சினால் மிளகு அளவு. கட்டியிருக்கும்போது தெரியாது. துவைத்துக் கொடியில் போட்டால்தான் அந்த இடங்களில் வெயில் புகுந்து வரும். ஓரங்கள் கிழிந்ததுபோல் இல்லாமல் வெந்ததுபோல் பழுப்பாக இருக்கும். விரலால் தொட்டால் நூல் உதிரும்.

அவள் முதலில் சோப்புத் தூளை மாற்றினாள். பிறகு பீரோ முழுக்க பூச்சி உருண்டை போட்டாள். பிறகு, யாரோ நம் வீட்டின் மேல் கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் புடவைகளையும் கட்டிலில் விரித்துப் போட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க. எல்லாத்துலயும் ஒரே எடம். கால்கிட்ட, கீழ் ஓரத்துல. பூச்சிக்கு இன்னா, ஸ்கேல் வெச்சி அளந்தா கடிக்கத் தெரியும்?"

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளிடம் எதுவும் சொல்லாமல் கீழே இறங்கி வண்டியிடம் போனேன்.

என் மோட்டார் சைக்கிள் அப்போதே பதினெட்டு வருடப் பழசு. என் மனைவி பின்னால் உட்கார்ந்தால் இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கப் போட்டு உட்காருவாள். அந்த இடது பக்கக் கவருக்குள்தான் பேட்டரி. பேட்டரியிலிருந்து பேனா ரீஃபில் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது பேட்டரிக்குள் ஆசிட் தண்ணீர் பொங்கி ஆவி எழும். அந்த ஆவியும் வழியும் துளிகளும் சங்கிலிக்கும் கீழே, தரைக்குப் பக்கத்தில் போய் விழத்தான் அந்தக் குழாய். என் வண்டியில் அது வெயிலில் காய்ந்து, பாதியில் முறிந்து, கால் வைக்கும் கம்பிக்கு மேலேயே முடிந்திருந்தது. அதன் முனையில் ஒரு துளி நின்றது. நான் பார்க்கும்போதே விழுந்தது.

தப்பு என்னுடையதுதான். பேட்டரியில் போட்டிருக்கும் மேல் கோட்டைத் தாண்டி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியிருந்தேன். கொஞ்சம் அதிகமாக இருந்தால் பேட்டரி நன்றாக உழைக்கும் என்பது என் நினைப்பு. கடைக்குப் போய் இரண்டடி குழாய் வாங்கி மாட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்கள் தெரு மெக்கானிக் கடை வாசலில் எப்போதும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவே போய் நின்று, "பேட்டரியில் தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டேன், பொண்டாட்டி புடவை ஓட்டையாவுது" என்று சொல்வதை நினைத்தாலே எனக்கு வேர்த்துவிடும். நான் பத்தாவது வரை படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறவன். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் அந்த வேலையில் இத்தனை வருடம் நிலைத்தேன்.

அதனால் வீட்டில் கிடந்த சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, சுருட்டி, அந்தக் குழாயின் வாயில் திணித்து, மேலே கம்பி சுற்றி முறுக்கினேன்.

துளி நின்றது. அடுத்த மாதம் புடவைகளில் புதிய ஓட்டை இல்லை.

"நான் சொல்லல? எல்லாம் அந்தப் பழைய சோப்பாலதான்" என்றாள் மனைவி.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியத்தோடு மெஷின்களை நிறுத்திவிடுவார்கள். பெயின்ட் பிரிவில் டின்களின் அடியில் மீந்திருக்கும் கறுப்பு பெயின்டை ஒன்றாகக் கலக்கி ஸ்பிரே கன்னில் ஊற்றுவார்கள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தலாம். துருப் பிடித்த இடம், கீறல் விழுந்த இடம் எல்லாவற்றின் மேலும் ஒரு சுற்று அடித்துக் கொடுப்பார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று வைத்து வரிசையாக நிற்கும்போது எல்லா வண்டியும் ஷோரூமிலிருந்து வந்ததுபோல் இருக்கும். வருடா வருடம் இப்படித்தான். என் வண்டியின் மேல் எத்தனை சுற்று கறுப்பு இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அந்த வருடம் என் முறை வருவதற்குள் இடது கவரைக் கழற்றினேன். பேட்டரியின் தலை முழுக்க வெள்ளைப் பூ பூத்திருந்தது. மூடிகளைச் சுற்றி ஈரம். பேட்டரி உட்காரும் தட்டு கறுத்து நொய்ந்து போயிருந்தது. அதற்குப் பின்னால் சீட்டிலிருந்து கீழே இறங்கும் சட்டக் குழாயில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பின்னால் உட்காருகிறவர் பாரம் முழுவதையும் தாங்கும் குழாய் அது. ஒரு கொப்புளத்தைக் கட்டை விரலால் அமுக்கினேன். உடைந்தது. அடியில் இருந்த இரும்பு சிவப்பு மாவாக நகத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னும் அமுக்கினேன். இரும்பு லேசாக உள்வாங்கியதுபோல் பட்டது.

அதற்கு மேல் அமுக்கவில்லை.

பின்னால், "அண்ணாத்தே, சீக்கிரம், கன்னுல பெயின்ட் காயுது" என்று குரல் வந்தது. ஒரு மக் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, விலகி நின்றேன். கறுப்பு அடித்தார்கள். காய்ந்தபின் அந்த இடம் பளபளவென்று இருந்தது.

கார்த்திகை மாதம் என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. திருவேற்காட்டில் வாடகை வீடு, பாடியில் லேத் வேலை. அவன் வண்டியில் எஞ்சின் போய்விட்டது. எனக்கோ முழங்கால் வலி. கம்பெனி வேன் எங்கள் தெருமுனைக்கே வர ஆரம்பித்திருந்தது.

"மாமா, நீதான் வேன்ல ஜமீன்தார் மாரி போறியே, ஒன் வண்டிய எங்கிட்ட குடேன்" என்றான். வண்டியைச் சுற்றி வந்து பெட்ரோல் டேங்கைத் தட்டினான். "வண்டி நல்லா கீதுல்ல?"

"நல்லா இருக்கு" என்றேன்.

கட்டை விரலில் பட்ட அந்த உணர்வு அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் சிரித்துக்கொண்டு நின்றான், என் மனைவி அவனுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், சாவி என் கையில் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

அவன் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். எங்கள் கம்பெனி ஃபிட்டர் ஒருவரின் வண்டியை குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வெல்டிங் பிரிவில் இறக்கினார்கள். அவர் கையில் கட்டு. பாடி மேம்பாலத்தை விட்டு இறங்கி ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது சீட்டுக்கு அடியில் சட்டம் இரண்டாகப் போய்விட்டதாம். அவர் மெதுவாக வந்ததால் பிழைத்தார். நான் வெல்டிங் ராடு பாக்கெட்டைக் கொடுக்கப் போனவன், அங்கேயே நின்றுவிட்டேன். உடைந்தது அதே குழாய். அதே இடம்.

எங்கள் வெல்டர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உடைந்த முனையை விரலால் தடவினார்.

"இன்னா நைனா, இரும்ப காணோம்? வெறும் பெயின்டுதான் ஒன்ன இத்தினி நாளா தூக்கினு போயிருக்கு."

"பூஜைக்கு பூஜை எல்லாரும்தானே அடிச்சாங்க?" என்றார் அந்த ஃபிட்டர்.

"அடிச்சா? பொணத்துக்கு பவுடர் போட்டா எந்திரிச்சி நடக்குமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெல்டர் சிரிக்காமல் பேட்டரிக் குழாயை இழுத்துக் காட்டினார். ஒரு கிளிப்புக்கு அடியில் அது நசுங்கி ஒட்டிப்போயிருந்தது. "இங்க கீது பார் வெவகாரம். இது மூடிக்கினா ஆவி எங்க போவும்? மூடி வழியா பொங்கும். வெளிய சொட்டிச்சின்னா கண்ணுக்குத் தெரியும். உள்ள சொட்டிச்சின்னா ஆளத் தள்ற வரைக்கும் தெரியாது."

நான் ராடு பாக்கெட்டை வைத்துவிட்டு ஸ்டோர்ஸுக்குத் திரும்பினேன். கேட்டவர்களுக்குத் தப்பு அளவில் வாஷர் கொடுத்தேன்.

அன்று மாலை மச்சானுக்குப் போன் செய்தேன். நான் யாருக்கும் போன் செய்கிறவன் இல்லை. அவன் எடுத்ததும் பதறினான்.

"மாமா, நீயா? யாருக்கு இன்னா ஆச்சி? அக்கா நல்லா கீதா?"

"எல்லாம் நல்லா இருக்கோம். வண்டி எப்படி ஓடுது?"

"அதுக்கா போன் பண்ண? பயந்தே பூட்டேன். வண்டி ராஜா மாரி ஓடுது மாமா. பின்னாடி மட்டும் லைட்டா ஆடுது. டயர்ல காத்து கம்மியா கீதுபோல."

சொல்ல வேண்டியது ஒரே வரி. ஆனால் அந்த வரிக்குப் பின்னாலேயே இன்னொரு வரி வந்துவிடும்: எனக்கு அப்போதே தெரியும் என்பது. "பாத்து ஓட்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் மனைவியிடம், "ஒன் தம்பிய பேட்டரிய ஒரு தடவ செக் பண்ணச் சொல்லு" என்றேன். அவள் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "பேட்டரி சூப்பரா இருக்காம். ஹாரன் அடிச்சா தெருவே திரும்புதாம்."

இப்படி ஒன்பது நாள் போயிற்று. காலையில் வேனில் உட்கார்ந்தால் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியிலும் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களையே பார்த்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவர்கள் உடம்பு ஒரு முறை தூக்கிப்போடும். அந்தப் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மனைவியின் போன் அடித்தால் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் சிரித்துப் பேசினால்தான் மூச்சு வரும்.

பத்தாம் நாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள். "நாளைக்கு தம்பி பொண்டாட்டிக்கு ஏழாம் மாச செக்கப். பூந்தமல்லி ஆஸ்பத்திரில காலைல டோக்கன். ரெண்டு பேரும் வண்டியிலயே போறாங்க."

தட்டில் கை கழுவி எழுந்துவிட்டேன். "இன்னா, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

காலையில் வேனுக்குப் போகாமல் ஷேர் ஆட்டோ பிடித்தேன். திருவேற்காடு போகும் வழியில் கால்வாய் வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டு மண்ணால் மூடியிருந்தார்கள். ஆட்டோ ஒவ்வொரு மேட்டிலும் குதித்தது. பக்கத்தில் இருந்தவர் ரோட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். பாதியில் மச்சானுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஹெல்மெட் போட்டுவிட்டால் அவனுக்குக் கேட்காது. கிளம்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கடைசித் தெருவில் இறங்கி, முழங்கால் வலியோடு ஓடினேன்.

வண்டி கேட்டுக்கு வெளியே ஸ்டார்ட் ஆகி நின்றது. அவன் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு, ஒரு கையை அவன் தோளில் வைத்து ஏறப் போனாள்.

"ஏறாதம்மா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாக இருந்தது.

மச்சான் திரும்பிப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றினான். "இன்னா மாமா காலங்காத்தால? அக்கா தொரத்திட்டாளா?"

"ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடு."

"ஊட்டுக்கு வந்தவன் காபி கேப்பான், டீ கேப்பான். நீ ஸ்க்ரூ டிரைவர் கேக்குற."

"அண்ணா, டோக்கன் நேரம் ஆயிடுச்சு" என்றாள் அவள். அவள் திண்டிவனத்துப் பக்கம். என்னை எப்போதும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். "வந்து பேசிக்கலாமே?"

நான் எஞ்சினை அணைத்து, அவனை இறங்கச் சொல்லி, வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் போட்டேன். வண்டிச் சாவியாலேயே இடது கவரைக் கழற்றினேன். கறுப்பு பெயின்ட் அப்போதும் பளபளப்பாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முடி அளவு கோடு, குழாயைச் சுற்றிப் பாதி தூரம் போயிருந்தது. மச்சான் உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தான். அந்தக் கோட்டின் மேல் முனையை வைத்து அழுத்தினேன். ஓங்கிக் குத்தவில்லை. அட்டைப் பெட்டிக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே இழுத்ததும் துருத் தூள் சரசரவென்று கொட்டி, அவன் செருப்பின் மேல் விழுந்தது.

மச்சான் குனிந்து அந்தத் தூளை விரலால் தொட்டான்.

"போன வாரம் ஸ்பீடு பிரேக்கர்ல டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு" என்றாள் அவள். "நான் கல்லுன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். ஃபைலை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

அடைத்திருந்த பேட்டரிக் குழாயை மச்சான் தொட்டுப் பார்த்தான். "இத்த எவன் மாமா அடச்சான்?"

"நான்தான். புடவைல சொட்டுதுன்னு அடச்சேன். ஆசிட் உள்ள எறங்கிடுச்சி. பூஜைக்கு பெயின்ட் அடிக்கறப்பவே அமுக்கிப் பாத்தேன். அமுங்கற மாரி இருந்துச்சி."

"அப்புறம்தானே எனக்கு வண்டி குடுத்த?"

"ஆமா."

"நல்லா இருக்குன்னு சொன்னியே மாமா."

அவன் குரலில் கேலி போய்விட்டது. அடித்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டி வந்தான். இருவரும் ஏறிப் போனார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் குட்டியானையில் ஏற்றி, பாடியில் இருக்கும் எங்கள் வெல்டர் வீட்டு வாசலுக்குக் கொண்டு போனேன். அவரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன், சைக்கிள் டியூப் துண்டு உட்பட. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "முதல்ல பேட்டரிய கழட்டு. டேங்க கழட்டு. நெருப்பு வேலை, ஆவி எதுவும் பக்கத்துல இருக்கக்கூடாது" என்றார்.

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் அந்த இடம் முழுக்கப் பூசச் சொன்னார். பூசியதும் நுரை சீறி எழுந்தது. மாதக்கணக்காக அங்கேயே இருந்த ஆசிட். பூஜைக்கு ஊற்றிய ஒரு மக் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன்.

"வெறும் தண்ணி ஊத்துனா அது நகந்து போயி வேற மூலைல ஒக்காந்துக்கும். சோடா பட்டாத்தான் சாவும். நுரை நிக்கிற வரைக்கும் பூசு. பேட்டரி மூடிக்குள்ள மட்டும் ஒரு சொட்டு சோடா போவக்கூடாது, பேட்டரி கெட்டுப்பூடும்."

நாலு தடவை பூசினேன். நாலாம் தடவை நுரை வரவில்லை. பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினோம். சங்கிலியில் ஆறு கண்ணிகள் மடங்காமல் இறுகியிருந்தன. அதைத் தூக்கிப் போட்டோம். பின் பிரேக் கம்பியிலும் அரிப்பு. அதையும் மாற்றினோம். வெல்டர் குழாயை நல்ல இரும்பு வரும் வரை அறுத்துக்கொண்டே போனார். ஒரு சாண் நீளம் போன பிறகுதான் வெட்டு முகம் வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளுக்குள் ஒரு தடித்த இரும்புக் குழாயைச் செருகி, மேலே புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்தார். நான் துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்த பிறகுதான் கறுப்பு அடித்தேன்.

பேட்டரித் தட்டில் ரப்பர் விரித்தேன். புதுக் குழாயைச் சங்கிலியிலும் சைலன்சரிலும் படாமல், எங்கும் மடங்காமல், சட்டத்துக்குக் கீழே வரை இறக்கினேன். அதன் வாயில் ஊதிப் பார்த்தேன், காற்று போனது. தண்ணீர் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. டெர்மினல்களில் வாஸ்லின். வெல்டர் சீட்டின் மேல் ஏறி நின்று இரண்டு முறை குதித்தார்.

"இனிமே ஒன்னும் ஆவாது. ஆனா மாசத்துக்கு ஒரு தடவ தொறந்து பாரு. நம்பிட்டு சும்மா இருந்துடாத."

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் மச்சானிடம் கொடுத்தேன். அவன் கவரைக் கழற்றி, பற்றவைத்த இடத்தைச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டித் தட்டிக் கேட்டான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டான். தனியாக வேலைக்கு அதில்தான் போகிறான் என்று மனைவி சொன்னாள். என்னிடம் அவன் பேச்சு குறைந்துவிட்டது. முன்பு நான் பேசாமல் இருப்பேன், அவன் பேசுவான். இப்போது இருவரும் பேசுவதில்லை.

எட்டாம் மாத செக்கப் அன்று காலையில் மச்சான் மனைவியே எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டு சொல்லுங்க. அவரு வண்டியிலயே போலாம்னு சொல்றாரு."

போனேன். மச்சான் கேட்டில் சாய்ந்து நின்றான். நான் கவரைக் கழற்றினேன். வெள்ளைப் பூ இல்லை. ஈரம் இல்லை. தண்ணீர் கோட்டில் நின்றது. குழாயின் வாயில் விரல் வைத்துப் பார்த்தேன். பற்றவைத்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து என் பலம் முழுவதும் கொடுத்து அழுத்தினேன். இரும்பு அசையவில்லை. பிரேக் கம்பி, சங்கிலி, பின் சக்கரம் எல்லாவற்றையும் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தேன்.

அவள் படியில் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரலாமா அண்ணா?"

"உக்காரலாம்மா" என்றேன். "வண்டி நல்லா இருக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பொருளைக் கையில் வாங்குவதற்கு முன் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு புருஷனிடம் திரும்பி, "நீங்க வண்டில முன்னால போங்க, டோக்கன் போடுங்க. நான் ஆட்டோல வரேன்" என்றாள்.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். நான் தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டி வந்தேன்.